கேளுங்கள்: வெள்ளைக்காரர் வரைந்த கிழக்கு

கே: அக்கா, மேற்கத்தியர் கிழக்கைக் கற்பனை செய்த விதம் பற்றி எட்வர்ட் சயித் எழுதிய 'ஓரியண்டலிசம்' புத்தக அட்டையில் பாம்பாட்டிப் பையன் படம் இருக்குதே, அது எந்த ஊர்?

ப: எந்த ஊரும் இல்லை. ஜெரோம் என்ற பிரெஞ்சுக்காரர் 1879 அளவில் வரைந்தது. பின்சுவர் நீல ஓடுகள் இஸ்தான்புல் தொப்காபி அரண்மனையில் பார்த்தவை, பாம்பாட்டம் எகிப்தில் நடப்பது, இரண்டையும் சேர்த்துவிட்டார். ஓட்டின் பூவேலை போட்டோ மாதிரி அவ்வளவு துல்லியம், அதனால்தான் மீதியையும் நம்பிவிடுகிறோம். சுவரடியில் சில ஓடுகள் பெயர்ந்திருக்கும், கவனியுங்கள். 'இந்த ஆட்களுக்கு ஒன்றையும் பராமரிக்கத் தெரியாது' என்று சொல்லாமல் சொல்கிற இடம் அது என்று 1983இலேயே கலை வரலாற்றாசிரியர் லிண்டா நொக்லின் எழுதிவிட்டார்.

கே: அந்தப்புரப் படங்கள் வரைந்தவர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்களா?

ப: அந்தப்புரப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சு ஓவியர் ஆங்ர் கிழக்குப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா 1832இல் அல்ஜியர்ஸ் வரை போனார்.

கே: இலங்கையை வைத்து யாராவது இப்படிச் செய்தார்களா?

ப: ஏன் இல்லை! பிசே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் 'முத்துக் குளிப்போர்' ஓபரா (பாட்டாலேயே நடக்கிற நாடகம்), பாரிஸ், 1863. முதலில் கதை மெக்சிகோவில் நடப்பதாக இருந்தது, பிறகு சிலோனுக்குத் தூக்கிவந்தார்கள், அவ்வளவுதான் ஆராய்ச்சி. லைலா, நாதிர் என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லாரும் பிரம்மாவைக் கும்பிடுகிறார்கள். முக்காடு போட்ட கன்னிப்பெண் பாறையில் நின்று பாடினால் கடலில் ஆபத்து வராதாம். நம்முடைய மன்னார்ச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், அந்த வேலைக்கு இருந்தவர் சுறாவின் வாயைக் கட்டுகிற மந்திரவாதி, கடற்கட்டி என்பார்கள், அரசாங்கமே கூலி கொடுத்து வைத்திருந்தது. அரிப்புக் கரையில் பரவரும் முஸ்லிம்களுமாகக் கூட்டம், அழுகவிட்ட சிப்பியின் நாற்றம், ஏலம் கூறுகிற சத்தம். பாட்டு என்னவோ அருமைதான், நானும் கேட்பேன்.

கே: பழைய தேயிலைத் தோட்டப் போஸ்ட்கார்டைப் பெரிதாக்கி எங்கள் கபேயில் மாட்டலாமா?

ப: மாட்டுங்கள், ஆனால் கீழே அச்சடித்திருப்பதை ஒருமுறை படியுங்கள். படம் பிடித்த கொழும்பு ஸ்டூடியோவின் பெயர் இருக்கும். மூக்குத்தியும் காப்பும் போட்டு, கொழுந்துக் கூடையோடு நிற்கவைத்த பெண்ணுக்கு 'தமிழ்ப் பெண், சிலோன்' என்பதோடு சரி. வண்ணத்துப்பூச்சிக்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரி.

கே: அப்ப அவர்களுடைய ஆராய்ச்சியெல்லாம் குப்பையா?

ப: யார் சொன்னது? ஜார்ஜ் டேர்னர் 1837இல் இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தை மொழிபெயர்த்ததும், கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டதும் இன்றைக்கும் உதவுகிற வேலை. மொழிக்குடும்பத்தைப் பிடித்து இரத்தமாக, இனமாக ஆக்கினார்களே, வினை அங்கேதான். ஆரியர், திராவிடர் என்று இங்கே இரண்டு பக்கமும் அதை ஆசையாக வாங்கி வைத்துக்கொண்டோம், வெள்ளைக்காரனை மட்டும் திட்டிப் பயனில்லை.

கே: நம்மாள் யாரும் பதில் எழுதவில்லையா?

ப: ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர், கனிமம் ஆராய்கிற உத்தியோகத்துக்கு வந்து, ஊர் ஊராகக் கைவினைஞர்களைப் பார்த்து 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். அதில் கைவினைஞர் வெறும் 'மாதிரி' இல்லை, தொழில் தெரிந்த ஆட்கள். 1917இல் பாஸ்டன் மியூசியத்தில் வேலைக்குப் போனார், அவர் சேர்த்த ராஜபுத்திர ஓவியங்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன.