தாளைத் திருப்பிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆற்றிய கெட்டிஸ்பர்க் உரையை லிங்கன் ரயிலில் போகும்போது ஒரு கடித உறையின் பின்னால் எழுதினார் என்று பள்ளியில் படித்தோம். அவர் கைப்பட எழுதிய பிரதிகள் ஐந்து இருப்பதாக இப்போது அறிகிறேன். எது அசல்? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் லிங்கன் ஆவணங்களையும் பார்த்தேன். தட்டச்சு வடிவம் கிடைப்பதால் படங்களைத் திறக்கவில்லை. பெரும்பாலும் யார் யாரோ அவருக்கு எழுதிய கடிதங்கள். லிங்கன் எங்கே?

க.

அன்புள்ள க.,

ரயில் கதையை விட்டுவிடுங்கள். ஐந்தில் ஒன்று, லிங்கனின் செயலாளர் நிக்கோலேயின் பெயரால் வழங்கும் நிக்கோலே பிரதி. அதன் முதல் தாள், வெள்ளை மாளிகையின் அன்றைய பெயரான ‘எக்ஸிகியூட்டிவ் மேன்ஷன்’ அச்சிட்ட அலுவலகத் தாள். மையில், நிதானமான கையெழுத்து. கடைசி வரியில் மட்டும் மூன்று சொற்களை அடித்துவிட்டுப் பென்சிலால் மாற்றியிருக்கிறார். இரண்டாம் தாள் முழுக்கப் பென்சில். ஓடுகிற ரயிலில் அந்த மை எழுத்து வராது. எது அசல் என்பதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நிருபர்கள் மேடையில் கேட்டு எழுதிய ‘கடவுளின் கீழ்’ என்ற சொற்கள் நிக்கோலே பிரதியிலும் இல்லை, இன்னொரு செயலாளரான ஹேயின் பெயரால் வழங்கும் பிரதியிலும் இல்லை. ஆகவே மேடையில் பேசியதை அப்படியே தருபவை அல்ல இவை.

என்னை வருத்தியது ‘படங்களைத் திறக்கவில்லை’ என்ற வரி. இவ்வளவு ஆர்வத்தோடு வாசல்வரை போய்விட்டு ஏன் திரும்பினீர்கள்? லிங்கன் அனுப்பிய கடிதம் பெற்றவரிடம் போய்விடும். லிங்கனிடம் தங்குவது வந்த கடிதங்களும் சில வரைவுகளும்தான். மகன் ராபர்ட் நூலகத்துக்குக் கொடுத்து, தான் இறந்து 21 ஆண்டுகள் கழியும்வரை திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்ட கட்டு இது. 1947 ஜூலை 26இல்தான் திறந்தார்கள். இதில் லிங்கனைத் தேட வேண்டிய இடம் தாளின் பின்பக்கம்.

அன்றைய அலுவலகத்தில் கடிதத்தை ஒடுக்கமான பட்டையாக மடித்து, வெளியே தெரியும் மடிப்பில் அனுப்பியவர் பெயர், தேதி, விஷயம் ஆகியவற்றைக் குறித்து அடுக்குவார்கள். பெரும்பாலும் செயலாளர் கை. சில இடங்களில் லிங்கனுடைய கை. ஆகவே கடிதத்தின் கடைசிப் படம்வரை போங்கள். வெற்றுத்தாள் போலத் தெரிந்தாலும் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரத்தில் இரண்டே சொற்கள் இருக்கலாம். குறிப்பு பக்கவாட்டில் ஓடும், படத்தைச் சுழற்றுங்கள். பழுப்பாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிய எழுத்து தெரிந்தால் அது முன்பக்கத்து மை ஊறி வந்தது. புதிய எழுத்து என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். படத்தை இடவலமாகப் புரட்டினால் தெரிந்துவிடும்.

உங்கள் ஐந்தாவது பிரதி உண்டானதே பின்பக்கத்தால்தான். போர்வீரர்களுக்கு உதவ நடந்த பால்டிமோர் நிதிக் கண்காட்சிக்காகக் கல்லச்சில் ஏற்ற வரலாற்றாசிரியர் பான்கிராஃப்ட் ஒரு பிரதி கேட்டார். லிங்கன் தாளின் இரு பக்கமும் எழுதிவிட்டார்; அச்சுக்கு ஆகவில்லை. அதனால் மறுபடி எழுதியதுதான் பிளிஸ் பிரதி. கையொப்பமும் தேதியும் உள்ளது அது ஒன்றுதான்.

லிங்கன் எழுதிய 1864 ஆகஸ்ட் 23ஆம் தேதிக் குறிப்பையும் திறந்து பாருங்கள். தேர்தலில் தோற்றுவிடுவோம் போலிருக்கிறது, அப்படியானால் வெல்கிறவரோடு ஒத்துழைத்து அவர் பதவியேற்பதற்குள் ஒன்றியத்தைக் காப்பது என் கடமை என்று எழுதி, மடித்து ஒட்டி, உள்ளே என்ன என்று சொல்லாமலே அமைச்சர்களிடம் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். ஏழு பேர் போட்டார்கள். வென்ற பிறகு, நவம்பர் 11 அன்று, ஹே அதை வெட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தட்டச்சு வடிவத்தில் இது வெறும் வாசகமும் ஏழு பெயர்களும்தான். படத்தில் அந்த ஏழு கைகளும் தெரியும், நம்பிப் போட்டவை.

உறைதான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. கெட்டிஸ்பர்க் போருக்குப் பின் எதிரணித் தளபதி லீயின் படையைத் தப்பவிட்டதற்காகத் தளபதி மீடுக்கு 1863 ஜூலை 14இல் எழுதிய கடுமையான கடிதத்தின் உறை. அதன் மேல் லிங்கன் கையெழுத்தில்: ‘தளபதி மீடுக்கு. அனுப்பவே இல்லை, கையொப்பமும் இடவில்லை.’