கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பின் எந்த மருத்துவரிடம் போவது?

கேள்வி: நான்கு மாதம் முன்பு கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். அப்போதிலிருந்து கை கால் எரிச்சல், மூட்டு வலி, மறதி. அந்த ஊசியில் இருந்த கடோலினியம் என்ற உலோகம் உடம்பில் தங்கிவிட்டது, பத்து முறை டிரிப் ஏற்றிக் கிலேஷன் (உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துச் சிகிச்சை) செய்தால் போய்விடும் என்கிறது ஒரு மையம். நல்ல மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் ஸ்கேன் எடுத்த இடத்தில் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். கடோலினியம் மருந்துகளில் இரண்டு வகை உண்டு. கடோடயமைடு போன்றவை உலோகத்தைத் திறந்த சங்கிலியாகச் சுற்றியிருப்பவை; பிடி சற்றுத் தளர்வு. கடோபியூட்ரால், கடோடெரிடால் போன்றவை வளையமாக அடைத்து வைப்பவை. சங்கிலி வகையில் சிலவற்றை ஐரோப்பா 2017-ல் நிறுத்தி வைத்தது.

அடுத்து, ஊசி போட்ட சமயத்து கிரியாட்டினின், அதாவது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. அதிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 30-க்குக் கீழே இருந்து, தோல் தடித்து இறுகி, மூட்டை நீட்டவே முடியாமல் போனால் தாமதிக்காமல் சிறுநீரக மருத்துவரையும் தோல் மருத்துவரையும் பாருங்கள். அது என்.எஸ்.எஃப். என்ற நோயாக இருக்கலாம். தோல் பயாப்சி தேவைப்படும். இந்த மருந்துக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2006-ல் தெரியவந்தது.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் மருந்தில் பாதி சுமார் ஒன்றரை மணி நேரத்திலும், பெரும்பகுதி ஒரே நாளிலும் சிறுநீரில் போய்விடும். எலும்பிலும் மூளையிலும் தோலிலும் துளியளவு தங்குவது உண்மைதான். சங்கிலி வகையில் அது அதிகம். ஆனால் உங்கள் எரிச்சலுக்கு அந்தத் துளிதான் காரணம் என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. சிறுநீரில் கடோலினியம் தென்பட்டால் ஊசி போட்டுக்கொண்டீர்கள் என்றுதான் பொருள்.

மையத்தின் தரத்தை அது பரிசோதிக்கும் விதத்திலேயே கண்டுகொள்ளலாம். முதலில் கிலேஷன் மருந்தைக் கொடுத்து, பிறகு சிறுநீரைப் பிடிக்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள். அந்த மருந்து யார் உடம்பிலிருந்தும் உலோகத்தை இழுத்து வரும். கிலேஷன் மருந்து எடுக்காதவர்களுக்கான இயல்பு அளவோடு அதை ஒப்பிட்டால் எல்லோருமே நோயாளிதான்! அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரியே இந்த முறையை ஏற்பதில்லை. எந்த மருந்தும் கொடுக்காமல் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்ப்பதே சரி. அதையும் ஊசி போட்ட 96 மணி நேரத்துக்குள் செய்யக்கூடாது.

கடோலினியத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட கிலேஷன் மருந்து இல்லை. டி.டி.பி.ஏ. என்ற கிலேஷன் மருந்தை அமெரிக்கா 2004-ல் அனுமதித்தது புளூட்டோனியம், அமெரிசியம், கியூரியம் ஆகிய கதிரியக்க உலோகங்களுக்கு. அதன் கால்சியம் வடிவம் துத்தநாகத்தையும் சேர்த்து வெளியேற்றும். இ.டி.டி.ஏ. என்ற இன்னொரு கிலேஷன் மருந்தில் கால்சியம் சேர்ந்தது, சேராதது என இரண்டு உண்டு. சேராததை மாற்றி ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றுபோகலாம். அப்படி மரணங்கள் நடந்திருக்கின்றன. டயாலிசிஸும் ரத்தத்தில் ஓடும் மருந்தைத்தான் எடுக்கும், எலும்பில் படிந்ததை அல்ல.

ஆகவே தேட வேண்டியது மையத்தை அல்ல, பெரிய போதனா மருத்துவமனையில் உள்ள நச்சியல் மருத்துவரை. நச்சுத் தகவல் மையத்துக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். கூடவே நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள். சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றும் பார்க்காமல் கை கால் எரிச்சலுக்கு எந்த உலோகத்தின் மேலும் பழி போடக்கூடாது.

கேள்வி: சி.டி. ஸ்கேன் ஊசியிலும் கன உலோகம் இருக்கிறதா?

பதில்: இல்லை. அதில் இருப்பது அயோடின். அதற்குக் கிலேஷன் என்ற பேச்சே இல்லை. கவனிக்க வேண்டியது ஒவ்வாமை, சிறுநீரகம், தைராய்டு.

கேள்வி: மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால்?

பதில்: கான்ட்ராஸ்ட் இல்லாமல் விடை கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் வளைய வகையைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான அளவு, பெரும்பாலான மருந்துகளுக்கு, கிலோ எடைக்கு 0.1 மில்லிமோல். கட்டியா, தொற்றா என்று பார்க்க வேண்டிய இடத்தில் பயந்து ஊசியை மறுத்துவிடாதீர்கள்.