31% குறையும் என்றால் எதில் 31%? கேள்வி பதில்

கேள்வி: கொழுப்பு மாத்திரை மாரடைப்பை 31% குறைக்கிறதாம். 100 பேரில் 31 பேர் தப்பிப்பார்களா?

இல்லை. அது 1995-ல் வெளியான, பிராவஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரை பற்றிய ஆய்வின் எண். மேற்கு ஸ்காட்லாந்தில், கொழுப்பு அதிகமுள்ள, அதுவரை மாரடைப்பு வராத 6,595 ஆண்கள். ஏறக்குறைய ஐந்து வருடத்தில் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது வெற்று மாத்திரைக்காரர்களில் 7.9% பேருக்கு, மருந்து சாப்பிட்டவர்களில் 5.5% பேருக்கு. வித்தியாசம் 2.4. அதை 7.9-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த 31% வந்துவிடும். 100-ஐ 2.4-ஆல் வகுத்தால் 42. ஒருவரைக் காக்க அத்தனை பேர் ஐந்து வருடம் விழுங்க வேண்டும். வருடத்தைச் சொல்லாத சதவீதத்தை நம்பாதீர்கள்.

நர்சிங் மாணவி: மீதி 41 பேருக்கு மருந்து வீணா?

நல்ல கேள்வி. அந்த 42 பேரில் சுமார் 39 பேருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு பேருக்கு, சாப்பிட்டும் வந்துவிடும். தப்பிக்கிற அந்த ஒருவர் யாரென்று முன்கூட்டியே தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

கேள்வி: கோவிட் தடுப்பூசி 95% என்றது பித்தலாட்டம். உண்மை 0.84% தானே?

இரண்டும் ஒரே ஆய்வுதான். 2020-ல் ஃபைசர் ஆய்வில் இரு பக்கமும் பதினெட்டாயிரம் சொச்சம் பேர். தடுப்பூசி போட்டவர்களில் 8 பேருக்கு நோய், வெற்று ஊசி போட்டவர்களில் 162. 162 எட்டானது 95% குறைவு. அதையே பதினெட்டாயிரம் சொச்சம் பேரில் சதவீதமாக்கிக் கழித்தால் வித்தியாசம் 0.84. பெரும்பாலோரைக் கவனித்தது இரண்டு மாத அளவுக்குத்தான். அதற்குள் எத்தனை பேருக்குத் தொற்று வந்ததோ, அதைப் பொறுத்ததுதான் 0.84. அலை பெரிதானால், காலம் நீண்டால் அதுவும் ஏறும். வருடம் கேளுங்கள் என்றேனே, இங்கே மாதம்.

இன்னொருவர்: அப்போ 0.84 என்பவர்கள் எல்லாம் தடுப்பூசி எதிரிகள்!

அதுவும் தப்பு. வித்தியாசத்தைச் சொல்வதும் தேவைதான். 1995-ல் பிரிட்டனில் புதுவகை கருத்தடை மாத்திரை ரத்தக்கட்டு ஆபத்தை இரட்டிப்பாக்கும் என்று எச்சரித்தார்கள். 7,000-ல் ஒருவர் இருவரானார், அவ்வளவுதான். பயந்து பெண்கள் மாத்திரையை விட்டார்கள். மறுவருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடியது. வெறும் வித்தியாசத்தைச் சொல்லியிருந்தால் யார் பதறியிருப்பார்கள்?

பித்தலாட்டம் என்றவர்: ஆனாலும் 0.84 தானே நிஜம்?

மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: டாக்டர் 50% குறையும் என்கிறார். மருந்து எடுக்கலாமா?

எதில் 50%, எத்தனை வருடத்தில்? அவரிடமே கேளுங்கள். எனக்குக் கணக்குதான் தெரியும்.

கேள்வி: ஆட்ஸ் ரேஷியோ 0.375 என்றால் ஆபத்து 62.5% குறைந்தது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். நோய் வந்தவர்களை வராதவர்களால் வகுத்தால் ஆட்ஸ்; இரு பக்க ஆட்ஸின் விகிதம்தான் ஆட்ஸ் ரேஷியோ. 40% ஆபத்து 20% ஆனால் குறைவு பாதிதான். ஆனால் 20/80-ஐ 40/60-ஆல் வகுத்த ஆட்ஸ் ரேஷியோ 0.375 காட்டும். நோய் அரிதென்றால் ஆபத்தின் விகிதமும் ஆட்ஸ் ரேஷியோவும் ஒட்டிவரும், பரவலாக இருந்தால் விலகும்.