கேட்டது ஒன்று, கிடைத்தது டெக்ஸ்டைல்

அம்மா, கல்லூரியில் உங்கள் மகள் கேட்டது புராடக்ட் டிசைன், கிடைத்தது டெக்ஸ்டைல் டிசைன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்கிறீர்கள். "தறி ஓட்டவா இவ்வளவு ஃபீஸ்?" என்று அவள் அப்பா கேட்பதும் புரிகிறது.

பெர்லினில் பிறந்து, பின்னாளில் பெயர்பெற்ற நெசவுக் கலைஞரான ஆனி ஆல்பர்ஸுக்கும் இதேதான் நடந்தது. 1922-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தார். ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்லி 1919-இல் தொடங்கிய பள்ளி அது. பெண்கள் நிறைய வரவும், பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்குத் திருப்பிவிட்டார்கள். ஆனி கேட்டது கண்ணாடிப் பட்டறை. நூல் வேலை என்றால் அவருக்கே இளப்பம்தான். பள்ளி செய்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பட்டறையில் குன்டா ஷ்டோல்ட்ஸல் என்றொரு மூத்த மாணவி இருந்தார். க்ரேஃபெல்ட் நகருக்குப் போய்ச் சாயம் போடக் கற்றுவந்து, மூடிக்கிடந்த சாயப்பட்டறையைத் திறந்தவர். பின்னாளில் அவரே நெசவுப் பட்டறைக்குத் தலைவரானார். பள்ளிக்குக் காசு கொண்டுவந்த சில பட்டறைகளில் அதுவும் ஒன்று. இதை அவள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஆனி 1930-இல் டிப்ளமோவுக்கு நெய்தது சுவரில் பொருத்தும் துணி. பெர்லினுக்கு அருகே பெர்னாவ் ஊரில் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கில் எதிரொலித் தொல்லை. பருத்தியோடு செல்லோஃபேன் என்ற பளபளக்கும் கண்ணாடித் தாளையும் சேர்த்து நெய்தார்: ஒரு முகம் ஒளியைத் திருப்பி அனுப்பும், மறு முகம் சத்தத்தை உள்வாங்கும். இது புராடக்ட் டிசைன் இல்லாமல் வேறென்ன? 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது.

சரி, இந்தக் கதையை மகளிடம் இன்றைக்கே சொல்லாதீர்கள். ஆறுதல் மாதிரி ஒலிக்கும், எரிச்சல்தான் வரும். முதலில் கல்லூரிக்குப் போன் போட்டு, பிரிவு மாற வழி உண்டா, எப்போது, எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வேலை என்றால் கரூர், திருப்பூர் ஏற்றுமதி மட்டும் இல்லை. கார் இருக்கைத் துணி, மருத்துவமனைத் திரை எல்லாமே இந்தப் படிப்புக்குள் வரும்.

அப்புறம், நேரில் போகும்போது விடுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தறிக்கூடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏறியிருக்கிறதா, தூசி படிந்திருக்கிறதா, பாருங்கள். தூசி என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். வேறு கல்லூரி பார்ப்போம்.