நரி மேல் பழி போடாதீர்கள்!

கோழிக்கார அக்கா பதில்கள்

அக்கா, போன வாரம் ஒரே ராத்திரியில் என்னுடைய நாலு பெட்டைக்கோழிகள் கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. கதவு போட்டது போட்டபடி இருந்தது. எல்லாவற்றுக்கும் கழுத்தில் கடி. ஒன்றை மட்டும் கொஞ்சம் தின்றிருந்தது. வீட்டுக்குப் பின்னால் காலி மனை, முழுக்கச் சீமைக்கருவேலம். எதிர்வீட்டுத் தாத்தா, 'நன்மங்கலம் காட்டிலிருந்து நரி வந்திருக்கும்' என்கிறார். நரியை எப்படித் தடுப்பது?
– வாசகி, சித்தாலப்பாக்கம்

தாத்தா சொல்வதைச் சிரித்துத் தள்ள முடியாதும்மா. கிண்டி தேசியப் பூங்காவில், ஊருக்கு நட்டநடுவில், நரி உண்டு. ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்தது அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். கதவு மூடியிருக்கும்போது நரி உள்ளே வரவேண்டும் என்றால் கீழே மண்ணைப் பறித்துத்தான் வரவேண்டும். கூண்டைச் சுற்றி மண் பறிபட்டிருந்தால் நீங்களே எழுதியிருப்பீர்கள். தவிர, நரி கோழியைக் கவ்விக்கொண்டு புதருக்குப் போய்த்தான் சாப்பிடும். வேலி வரைக்கும் இறகு சிந்தியிருக்கும்.

கீரிப்பிள்ளையா? அதுவும் இல்லை. கீரி பகல் வேலைக்காரன். பொழுது சாய்ந்தால் வளைக்குப் போய்விடும். தெருநாய் என்றால் கூண்டே நசுங்கிப் போயிருக்கும்.

எனக்குச் சந்தேகம் மரநாய் மேல் (பெயர்தான் நாய், மரம் ஏறுகிற பூனை மாதிரி ஒரு பிராணி). கூண்டுக்குள் கோழிகள் அலறிப் பறக்க ஆரம்பித்தால், பசி ஒன்றுக்குத்தான் என்றாலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். ஒரு வேலை செய்யுங்கள். காலையில் மொட்டை மாடிக்கும் மதில் மேலும் போய்ப் பாருங்கள். விதை விதையாக எச்சம் கிடக்கிறதா? பப்பாளி விதை, நாவல் கொட்டை, சப்போட்டா விதை எல்லாம் செரிக்காமல் அப்படியே, கழுவி வைத்த மாதிரி இருக்கும். இருந்தால் சந்தேகமே வேண்டாம், மரநாய்தான். அது கோழி திருடன் என்று நமக்குப் பெயரே தவிர, பெரும்பாலும் பழம் தின்னிதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. மேடவாக்கத்தில் நாங்கள் குடிவந்த புதிதில் எனக்கும் இதே கதி. ராத்திரிக்கு ஒன்றாய் மூன்று கோழி போனது. நானும் நரி நரி என்று வேலி ஓரமெல்லாம் செங்கல் அடுக்கினேன், முள் வெட்டிப் போட்டேன். பக்கத்து மனைக்காரரிடம் புதரை வெட்டச் சொல்லிச் சண்டை வேறு. மாமியார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "கீழயே பாக்குறியேடி, மேல பாரு." தென்னை மட்டை ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் உரசிக்கொண்டிருந்தது. ஷீட்டின் வளைவுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து. அதன் ஓரத்தில், சுண்ணாம்புச் சுவரில், எண்ணெய்க் கை வைத்த மாதிரி வழவழவென்று ஒரு கறை. தினமும் உடம்பை உரசி உரசி இறங்கிய தடம்! செங்கல் அடுக்கின முட்டாள் நான்.

அதனால் முதலில் மேலே இருக்கிற சந்தை அடைத்துவிடுங்கள். தலை நுழைந்தால் மரநாய்க்கு உடம்பும் நுழையும். கடையில் 'கோழி வலை' என்று தேன்கூடு மாதிரி மெல்லிய கம்பி வலை கொடுப்பார்கள். அது கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு. நாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கட்டம் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள், காசு கூடத்தான். அதைச் சட்டத்தில் ஸ்டேப்ளர் பின் கொண்டு அடிக்காமல், வாஷர் வைத்துத் திருகாணி போட்டு முடுக்குங்கள். கீழே சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்துக்கு அதே வலையை வெளிப்பக்கம் தரையில் விரித்து, மேலே மண் தள்ளிவிடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும். கால் வலையில் மாட்டும், வலையைத் தாண்டித் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. தாழ்ப்பாளோடு நிறுத்தாமல் கொக்கியும் போடுங்கள். தென்னை மட்டையைக் கழித்துவிடுங்கள்.

இன்னொன்று. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. ஆபத்து வந்தால் ஓடவும் தெரியாமல் உட்கார்ந்தே சாகும். ஆறரை மணிக்கு எண்ணி அடைக்கிற வேலையை 'பையன் பார்த்துப்பான்' என்று விடாதீர்கள்.

மொட்டை மாடியில் வளர்க்கிறேன். பொரித்த பன்னிரண்டு குஞ்சுகளில் ஐந்துதான் மிச்சம். மத்தியானத்தில் போகிறது. இறகுகூடக் கிடைப்பதில்லை.
– வாசகர், கொளத்தூர்

இறகுகூட இல்லாமல் பகலில் போனால் வானத்திலிருந்து வந்தவன். பருந்து, வைரி, காக்கா மூன்றில் ஒன்று. என் பந்தயம் காக்கா மேல். ஜோடியாக வரும். ஒன்று தாய்க்கோழியின் வாலைக் கொத்திச் சண்டைக்கு இழுக்கும், அது திரும்புகிற நேரத்தில் இன்னொன்று குஞ்சைத் தூக்கிவிடும். கருடன் பறந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் செம்பருந்துக்கும் குஞ்சு பிடிக்கும். பக்தியை நிறுத்தவேண்டாம், குஞ்சை மூடி வையுங்கள்.

முதல் ஒரு மாதம் தாயும் குஞ்சுமாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள், மேலே ஒரு கல். அப்புறம் வெளியே விட ஆசைப்பட்டால், காசிமேடு பக்கம் பழைய மீன்வலை கிடைக்கும். அதைத் துணி காயப்போடும் கம்பிமேல் கூரை மாதிரி கட்டுங்கள். தரையைத் தொடாமல் ஒரு அடி உயரத்தோடு நிறுத்திவிடுங்கள். நைலான் வலையில் சாரைப்பாம்பு சிக்கினால் பின்னாலும் போகமுடியாமல் முன்னாலும் போகமுடியாமல் செத்துப்போகும். பார்க்கச் சகிக்காது.

குஞ்சுக்கு ரோஸ் கலர் பூசினால் பருந்து தூக்காது என்று எங்கள் ஊர்ப்பக்கம் பூசுவார்கள். பருந்து ஏமாறுகிறதோ என்னவோ, மெட்ராஸ் காக்கா ஏமாறாது.

முட்டை தினமும் காணாமல் போகிறது. பாம்பா, எலியா, பக்கத்து வீட்டுக்காரர்களா?
– பெயர் வேண்டாம், மாதவரம்

பெயர் வேண்டாம் என்று எழுதியபோதே உங்கள் சந்தேகம் யார் மேல் என்று புரிந்துவிட்டது! முட்டை ஓடு கிடக்கிறதா என்று பாருங்கள். ஓடே இல்லை, கூடை சுத்தமாக இருக்கிறது என்றால் பாம்பு முழுசாக விழுங்கியிருக்கும், அல்லது பெருச்சாளி உருட்டிக்கொண்டு போயிருக்கும். வளை இருக்கிறதா என்று சுவரோரம் பாருங்கள். ஓரமாக ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் குடித்திருந்தால் காக்கா. சுவரடியில் ஓடு நொறுங்கிக் கிடந்தால் கீரி. அது முட்டையைப் பின்னங்கால் நடுவில் விட்டுச் சுவரில் எறிந்து உடைக்கும். கோழியின் அலகில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தால் திருடி அவளேதான். கிளிஞ்சல் பொடித்துப் போடுங்கள், சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெலிந்து உடையும், ஒரு தடவை ருசி பார்த்துவிட்டால் பழகிவிடும்.

இதெல்லாம் இல்லை என்றால் பக்கத்து வீடு. அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இருட்டில் கூடைக்குள் கையை விடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றபோது கோழிகளை மாடிக்குத் தூக்கிப்போனோம். நமக்கு முன்னாலேயே பெருச்சாளிகள் மாடிப்படி ஏறியிருந்தன. அவற்றின் பின்னாலேயே ஒரு நல்லபாம்பும். தண்ணீர்த்தொட்டிக்கு அடியில், அடைக்கூடைக்கு ஒரு முழத்தில் சுருண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்ததால் பிழைத்தேன். பாம்பைக் கண்டால் கம்பு தேடாமல் தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள், வந்து பிடித்துப்போவார்கள்.

செத்த கோழிக்குள் எலி மருந்து வைத்தால் திரும்ப வருகிறதைத் தீர்த்துக் கட்டிவிடலாமே?
– வாசகர், குன்றத்தூர்

வேண்டவே வேண்டாம். கீரி, மரநாய், நரி, சாரை எல்லாம் 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொன்றால் கேஸ். சட்டத்தை விடுங்கள். அந்த மருந்தை முதலில் தின்னப்போவது தெருப்பூனையும் உங்கள் சொந்த நாயும்தான். மருந்து தின்று தள்ளாடுகிற எலியை உங்கள் கோழியே கொத்தும், அந்தக் கோழியை நீங்கள் குழம்பு வைப்பீர்கள். செத்த கோழியை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், சுண்ணாம்பு தூவுங்கள். வாடை இல்லாவிட்டால் திரும்பி வருவது பாதி குறையும்.

கடியே இல்லாமல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து செத்திருந்தால் அது வெள்ளைக்கழிச்சல். வலைக்குச் செலவு செய்யாமல் தடுப்பூசிக்கு ஓடுங்கள்.

நாய் வளர்த்தால் போதாதா?
– வாசகர், வேளச்சேரி

நாயைக் கோழியிடமிருந்து யார் காப்பாற்றுவது? அடைகாக்கும் பெட்டை கொத்தி எங்கள் மணி மூன்று நாள் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தான். கினிக்கோழி இரண்டு வாங்கி விடுங்கள். இலை அசைந்தால்கூட ஊரைக் கூட்டும். அக்கம்பக்கத்தில் சமாளிப்பது உங்கள் பாடு.

அக்கா, நான் ஐந்தாம் வகுப்பு. தெருவில் விற்றவரிடம் பச்சைக் கலர் குஞ்சு ஒன்று வாங்கினேன். பூனை சுற்றிச் சுற்றி வருகிறது. என்ன செய்ய?
– மாணவன், அம்பத்தூர்

தம்பி, அட்டைப்பெட்டி போதாது, பூனை ஒரு தட்டுத் தட்டினால் கவிழ்ந்துவிடும். வீட்டில் பழைய பிளாஸ்டிக் கூடை இரண்டு கேள். ஒன்றில் குஞ்சு, அடியில் செய்தித்தாளுக்குப் பதிலாகச் சாக்குத்துணி (தாளில் கால் வழுக்கும்), இன்னொன்றை மேலே கவிழ்த்துச் சணல் கயிற்றால் நாலு பக்கமும் கட்டிவிடு. மேலே ஒரு செங்கல். ராத்திரி சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்து, ஜன்னலையும் பார். ஒற்றைக் குஞ்சு தனியாக இருந்தால் ராத்திரி முழுக்கக் கத்தும், பூனைக்கு அந்தச் சத்தமே அழைப்பு. முடிந்தால் அம்மாவிடம் கெஞ்சி இன்னொன்றும் வாங்கிக்கொள். பச்சைச் சாயம் போய்விட்டதே என்று பயப்படாதே, உள்ளே வெள்ளை இறகு வரும்.