போர்டோ கலவை அடித்த மிளகுக் கொடியில் கொழுந்து கருகியது ஏன்?

கேள்வி: கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறேன். வாடல் நோய்க்கு முன்னெச்சரிக்கையாக, மழைக்கு முன் 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) அடித்தேன். மயில்துத்தம் (தாமிர சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்புத் தூள் 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தக் கரைசலில் சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்கினேன். டிரம்மின் அடியில் மணல் மாதிரி படிந்து நாசில் அடைத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் கொழுந்து இலைகளின் ஓரம் கருகிவிட்டது. சுண்ணாம்பு போன வருடம் வெள்ளையடிக்க வாங்கியதில் மீந்தது. அளவு சரியாகத்தானே போட்டேன்?

பதில்: அளவு சரி. ஆனால் நீங்கள் நிறுத்துப் போட்டதில் பெரும்பகுதி சுண்ணாம்பே அல்ல.

சூளையிலிருந்து வரும் சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, தானே நீற்றுத் தூளாகிவிடும். பிறகு கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லச் சுண்ணக்கட்டிப் பொடியாகும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு நீற்றினால் 74 கிலோ. அதுவே முழுக்கச் சுண்ணக்கட்டியானால் 100 கிலோ. எடை ஏறும், காரம் இறங்கும். அதனால்தான் தராசு உங்களை ஏமாற்றிவிட்டது.

1 கிலோ மயில்துத்தத்தில் உள்ள தாமிரத்தை முழுதாகக் கட்ட, அதாவது கரையாத துகளாக மாற்ற, சுத்தமான சுட்ட சுண்ணாம்பு சுமார் 225 கிராம் போதும். சந்தைச் சரக்கு சுத்தமாக இருக்காது, மிகுந்த சுண்ணாம்பு இலைக்குக் காப்பு என்பதால்தான் 1 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். இவ்வளவு தாராளமாகப் போட்டும் கொழுந்து கருகியிருக்கிறது என்றால், உங்கள் தூளில் கால் பங்குகூட உயிர் இல்லை என்றே நினைக்கிறேன். கட்டப்படாத தாமிரம் இலைக்குள் இறங்கித் திசுவைச் சுட்டிருக்கிறது. இலையில் ஈரம் காயாமல் நின்றால் இது இன்னும் மோசமாகும். பனிமூட்டத்தில் அடித்திருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும்.

அடுத்த முறை கல்லாக இருக்கும் புதுச் சுட்ட சுண்ணாம்பே வாங்குங்கள். வாங்கும்போதே ஒரு துண்டை மண் சட்டியில் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சீறி, ஆவி விட்டு, வெடித்துப் பொடியானால் நல்ல சரக்கு. சும்மா நனைந்து கிடந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நீற்றும் சூட்டில் தண்ணீரே கொதிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி வேண்டாம், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கல் கிடைக்காமல் புதிதாக மூட்டை கட்டிய நீற்றிய தூள்தான் கிடைத்தால் 1 கிலோவுக்குப் பதில் 1.3 கிலோ போடுங்கள்.

மயில்துத்தத்திலும் ஒரு விஷயம். கைக்குக் காய்ந்து தெரியும் அந்த நீலப் படிகத்தின் எடையில் சுமார் 36 சதவீதம் தண்ணீர்தான். தாமிரம் கால் பங்கு. படிகத்தின் மேல் வெள்ளை பூத்திருந்தால் கொஞ்சம் நீர் போயிருக்கிறது, அவ்வளவுதான், கெட்டுப்போகவில்லை. ஆனால் டப்பாவால் அளக்காதீர்கள். பெரிய படிகம் நிரப்பிய டப்பாவும் பொடி நிரப்பிய டப்பாவும் ஒரே எடை வராது. தண்ணீர்ப் பக்கமும் அப்படியே: 15 லிட்டர் என்று விற்கும் வாளி விளிம்புவரை நிரப்பினால்தான் 15. ஒருமுறை தராசில் வைத்து, வாளியின் எடையைக் கழித்துவிட்டு, 10 கிலோ தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது 10 லிட்டர்.

செய்முறைக்கு வருவோம். மயில்துத்தத்தை முதல் நாள் இரவே துணியில் முடிந்து, தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டால் காலையில் கரைந்திருக்கும். அடியில் போட்டால் கனமான கரைசல் அங்கேயே தேங்கிக் கரைதல் நின்றுபோகும். பாத்திரம் பிளாஸ்டிக், மண், மரம் எதுவும் ஆகலாம், இரும்பும் துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் ஆகாது. துத்தக் கரைசலை 50 லிட்டராக்குங்கள். சுண்ணாம்பை நீற்றி, ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, அதையும் 50 லிட்டராக்குங்கள். ஆறவிடுவதை விட்டுவிடாதீர்கள்; சூட்டில் கலந்தால் பொருக்கு பொருக்காகத் திரளும். பிறகு கலக்கிக்கொண்டே துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் மூன்றாவது டிரம்மில் ஊற்றினாலும் சரி. நீங்கள் செய்ததுபோல் தலைகீழாக ஊற்றினாலும், இரண்டையும் கெட்டியாகக் கலந்துவிட்டுப் பிறகு தண்ணீர் விட்டாலும், துகள் பெரிதாகும். மணல் படிந்ததும் நாசில் அடைத்ததும் இதனால்தான்.

சரியான கலவை ஆகாய நீலத்தில் தயிர்ப்பதமாக மிதந்து நிற்கும். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். சில நிமிடங்களிலேயே மேலே தெளிந்துவிட்டால் கலவை தேறாது.

அடிப்பதற்கு முன் கத்திச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய சாதாரண இரும்பு அரிவாளின் நுனியை ஒரு நிமிடம் கலவையில் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் தாமிரம் இன்னும் கட்டுப்படாமல் இருக்கிறது; சுண்ணாம்புப் பால் கொஞ்சம் விட்டுக் கலக்கி மறுபடி பாருங்கள். இரும்பு பளபளப்பாகவே வரும்வரை இப்படிச் செய்ய வேண்டும். எவர்சில்வர் கத்தி வேண்டாம், செம்பு படியாமல் ஏமாற்றிவிடும். வேண்டுமானால் சிவப்பு லிட்மஸ் தாளும் நனைத்துப் பார்க்கலாம். நீலமாக மாற வேண்டும்.

கலந்ததை அன்றே அடித்து முடியுங்கள். மறுநாளுக்கு வைத்தால் துகள் மாறி, இலையில் ஒட்டும் தன்மை போய்விடும். தனித்தனியாக இருக்கும் துத்தக் கரைசலையும், மேலே தண்ணீர் நிற்க மூடிய சுண்ணாம்புப் பாலையும் வைத்திருக்கலாம். கலவை காரத்தன்மை உள்ளது. பூச்சிமருந்து எதையும் இதோடு சேர்க்காதீர்கள். நோயை அடக்கும் நல்ல நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் கொடுப்பவர் என்றால் இதோடு ஒரே சமயத்தில் வேண்டாம், தாமிரம் அவற்றையும் கொல்லும்.

கருகிய கொடிகளை வெட்ட வேண்டாம், உடனே மறு தெளிப்பும் வேண்டாம். முதிர்ந்த இலைகள் தப்பியிருந்தால் அடுத்த துளிர் தானாக வரும். டிரம்மில் மீதம் இருந்தால், பொருக்கு தட்டிய அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். ஓடைக்கும் கிணற்றுக்கும் எட்டாத வெற்றிடத்தில் குழி எடுத்து, சுண்ணாம்பு போட்டு ஊற்றிவிடுங்கள். தாமிரம் மீனுக்கு நஞ்சு.