யூரெயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா? ரெண்டு பிரெண்ட்ஸோட ஐரோப்பா ட்ரிப் கணக்கு

கேள்வி: அண்ணா வணக்கம். நான் கோயம்புத்தூர்ல ஐடி வேலைல இருக்கேன், என் பிரெண்ட் ஜெர்மனில ஷ்டுட்கார்ட்ல மாஸ்டர்ஸ் படிக்கிறான், ரெண்டு பேருக்கும் 26 வயசு. வர்ற ஜூன்ல மூணு வாரம் முதுகுல பையை மாட்டிக்கிட்டு ட்ரெயின்லயே சுத்தலாம்னு பிளான். நான் பாரிஸ்ல இறங்குவேன், அவன் அங்க வந்து சேந்துப்பான், அப்புறம் ம்யூனிக், வியன்னா, புடாபெஸ்ட், பிராக், கடைசியா பெர்லின், அங்கிருந்து எனக்கு ரிட்டர்ன் பிளைட். இங்க ஒரு ட்ராவல்ஸ்காரர் ரெண்டு பேருக்கும் 15 நாள் யூரெயில் பாஸ், அதான் ஒரே பாஸ்ல பல நாட்டு ட்ரெயின் ஏறுறது, பர்ஸ்ட் கிளாஸ்லயே போட்டுடலாம், கண்ணை மூடிட்டு எந்த ட்ரெயின்லயும் ஏறலாம்னு சொல்றாரு. வாங்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. முதல்ல உங்க பிளானை விரல் விட்டு எண்ணுங்க. பாரிஸ்-ம்யூனிக், ம்யூனிக்-வியன்னா, வியன்னா-புடாபெஸ்ட், புடாபெஸ்ட்-பிராக், பிராக்-பெர்லின், மொத்தமே அஞ்சு ட்ரெயின்தான், அதுக்கு எதுக்கு 15 நாள் பாஸ்? ஒரு மாசத்துக்குள்ள ஏதோ அஞ்சு நாள் மட்டும் ட்ரெயின் ஏறிக்கிற மாதிரி பாஸ் இருக்கு, 27 வயசு வரைக்கும் யூத் ரேட், செகண்ட் கிளாஸ்ல சுமார் 240 யூரோ வரும். அஞ்சால வகுத்தா ஒரு நாளுக்கு 48 யூரோ. இனிமே உங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், இந்த ரூட்ல ஒவ்வொரு டிக்கெட்டும் 48-க்கு மேலயா கீழயா?

ரெண்டு மூணு மாசம் முன்னாடியே எடுத்தா பெரும்பாலும் கீழதான். வியன்னா-புடாபெஸ்ட் ரெண்டே முக்கால் மணி நேரம்கூட ஆகாது, ஆஸ்திரிய ரயில்வேல ஷ்பார்ஷீன்னு ஒரு சலுகை டிக்கெட் இருக்கு, அதுல எடுத்தா பாஸ் நாளை இதுக்குப் போய் வேஸ்ட் பண்ணோமேன்னு தோணும், அவ்ளோ கம்மி. பிராக்-பெர்லின் டிக்கெட்டை ஜெர்மன் ரயில்வே சைட்ல பாத்துட்டு அதே ட்ரெயினை செக் ரயில்வே சைட்லயும் பாருங்க, ட்ரெயின் ஒண்ணுதான் ஆனா செக் சைட்ல விலை பல நேரம் கம்மியா இருக்கும். புடாபெஸ்ட்-பிராக்குக்கு நேர் ட்ரெயினே இருக்கு, ஏழு மணி நேரம் கிட்ட உக்காரணும், அதுவும் முன்னாடியே எடுத்தா கைய கடிக்காது. பாரிஸ்-ம்யூனிக் மட்டும்தான் கடைசி நேரத்துல போனா 100 யூரோவைத் தாண்டி எகிறும், அதனால அதை முதல்ல முடிங்க. இதுல இன்னொண்ணு, பாஸ் இருந்தாலும் பாரிஸ்ல இருந்து கிளம்புற அந்த ஹை ஸ்பீட் ட்ரெயினுக்கு தனியா காசு கட்டி சீட் ரிசர்வ் பண்ணணும், பாஸ்காரங்களுக்குன்னு ஒதுக்குற சீட்டும் கொஞ்சம்தான். கண்ணை மூடிட்டு ஏறலாம்ங்கிற கதை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ்ல ஓரளவு ஓடும், பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஹை ஸ்பீட் ட்ரெயின்ல ஓடாது.

இப்ப உங்க பிரெண்ட் விஷயம், ட்ராவல்ஸ்காரர் இதைச் சொல்லாம விட்டதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் ஜெர்மனில ரெசிடென்ஸ் பெர்மிட்ல இருக்கார் இல்லையா, அவருக்கு யூரெயில் கிடையாது, ஐரோப்பால குடியிருக்கிறவங்களுக்கான இன்டர்ரெயில் பாஸ்தான். இந்தியன் பாஸ்போர்ட்டா இல்லையாங்கிறது கணக்கில்ல, எங்க குடியிருக்கோம்ங்கிறதுதான் கணக்கு. விலை ஏறக்குறைய அதேதான், ஆனா இன்டர்ரெயில்ல சொந்த நாட்டுக்குள்ள, அதாவது அவருக்கு ஜெர்மனிக்குள்ள, வெளிய போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்ளோதான் செல்லும். உங்க ரூட்ல அவர் ஷ்டுட்கார்ட்-பாரிஸ் போறப்பவே வெளிய போற நாள் காலி, பாரிஸ்-ம்யூனிக் வர்றப்ப திரும்புற நாளும் காலி, அப்புறம் ம்யூனிக்ல இருந்து ஆஸ்திரியா பார்டர் வரைக்கும், செக் பார்டர்ல இருந்து பெர்லின் வரைக்கும் பாஸ் கையில இருந்தும் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கணும். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு அவர் பேர்லயும் யூரெயில் வாங்கினீங்கன்னா அது செல்லாத பாஸ், ட்ரெயின்ல பாஸோட சேத்து பாஸ்போர்ட்டையும் கேப்பாங்க, ஜெர்மன் விசாவோ பெர்மிட்டோ கண்ணுல பட்டா கேள்வி வரும்.

சாவகாசமா போறதுன்னா அவருக்கு ஒரு வழி இருக்கு. அவரோட செமஸ்டர் டிக்கெட், அதான் ஸ்டூடண்ட்ஸுக்கு யுனிவர்சிட்டி மூலமா வர்ற பஸ்-ட்ரெயின் டிக்கெட், ஜெர்மனி முழுக்க செல்ற டைப்பான்னு கேளுங்க, இப்ப நிறைய யுனிவர்சிட்டில அதான். அப்படின்னா ம்யூனிக்ல இருந்து ரீஜனல் ட்ரெயின்ல சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் அவருக்கு தனி டிக்கெட்டே வேணாம், ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும். அங்கிருந்து ரெண்டு பேரும் ரெயில்ஜெட்ங்கிற ஆஸ்திரிய வேக ட்ரெயின்ல வியன்னா டிக்கெட் எடுத்துக்கலாம். ரெயில்ஜெட்ல சீட் ரிசர்வ் பண்ணலைன்னாலும் ஏறலாம், உள்ள போனதும் சீட்டுக்கு மேல இருக்கிற சின்ன ஸ்கிரீனைப் பாருங்க, யாராவது புக் பண்ணியிருந்தா எந்த ஊர்ல இருந்து எந்த ஊர் வரைக்கும்னு போட்டிருக்கும், அவங்க ஏறுற ஊர் நீங்க இறங்குற ஸ்டாப்புக்கு அப்புறம் வருதுன்னா தைரியமா உக்காரலாம்.

பாஸ் எப்ப லாபம்னா, ரூட்ல சுவிட்சர்லாந்து இருந்தா, இல்ல நாளைக்கு எந்த ஊர்னு இன்னிக்கு ராத்திரி முடிவு பண்ற ஆளுங்களா இருந்தா. மூணு வாரத்தையும் எக்ஸெல்ல போட்டு வச்சிருக்கிற ஆளுக்கு பாஸ் எதுக்கு, சொல்லுங்க.

கேள்வி: ஜெர்மனில மட்டும் எனக்கு ஏழு நாள் வருது, ம்யூனிக்ல மூணு, பெர்லின்ல நாலு. டாய்ச்லாண்ட் டிக்கெட்னு ஒண்ணு இருக்காமே, அதை டூரிஸ்ட்டும் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். 2023 மே மாசம், மாசக் கட்டணம் 49 யூரோன்னு ஆரம்பிச்சாங்க, 2025-ல 58 ஆச்சு, 2026-ல 63. ரீஜனல் ட்ரெயின், மெட்ரோ, ட்ராம், பஸ் எல்லாம் நாடு முழுக்க செல்லும், ஆனா ஐசிஇ மாதிரி வேகமான ட்ரெயின்ல செல்லாது. ரெண்டு ஊர்லயும் தினமும் டே டிக்கெட் எடுத்தா ஏழு நாள்ல கிட்டத்தட்ட இந்தக் காசு ஆயிடும், கூடவே ம்யூனிக்ல இருந்து நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை பாக்க ஃப்யூசன் வரைக்கும் ரீஜனல் ட்ரெயின்ல போய்ட்டு வந்தீங்கன்னா லாபம்தான். ரெண்டு ஊரும் ஒரே காலண்டர் மாசத்துக்குள்ள வரணும், ஜூன் கடைசில பெர்லின், அது ஜூலைக்குத் தாண்டுதுன்னா கணக்கு உதைக்கும்.

ஆனா இது டிக்கெட் இல்ல, மாசாமாசம் தானா புதுப்பிக்கிற சப்ஸ்கிரிப்ஷன். ஜூனோட முடிக்கணும்னா ஜூன் 10-க்குள்ள கேன்சல் பண்ணிடணும், 11-ம் தேதி ஞாபகம் வந்தா ஜூலை காசும் கார்டுல போயிடும், நீங்க அப்ப கோயம்புத்தூர்ல உக்காந்திருப்பீங்க. அதனால வாங்கின அன்னிக்கே கேன்சல் பட்டனையும் தேடிப் பிடிச்சு அமுக்கிடுங்க, ஜூன் முழுக்க டிக்கெட் செல்லும், ஒண்ணும் ஆகாது.

கேள்வி: வியன்னால இருந்து வெனிஸுக்கு நைட் ட்ரெயின் இருக்காம். ஒரு நாள் ஹாஸ்டல் காசு மிச்சம் ஆகும்னு இவன் சொல்றான்.

பதில்: நைட்ஜெட்னு பேரு, இருக்கு. உக்காந்துட்டே போற சீட்டுதான் மலிவு, ஆனா ராத்திரி முழுக்க கழுத்து தொங்கி காலைல வெனிஸ் பாலத்து படி எல்லாம் பையோட ஏறி இறங்க முடியாது, பாதி நாள் தூங்கத்தான் போகும். ஆறு பேர் படுக்கிற குஷெட்ல படுத்துட்டுப் போங்க, காலைல ரொட்டியும் காபியும் தருவாங்க. அந்த விலைக்கும் ஹாஸ்டல் படுக்கைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, அதனால மிச்சம்னு நினைச்சு போகாதீங்க, ஆசைன்னா போங்க. வெனிஸ்ல இருந்து மறுபடி புடாபெஸ்ட் வரணும்ங்கிறதையும் அவன் கணக்குல சேத்தானா கேளுங்க.

கேள்வி: விசா வர்றதுக்கு முன்னாடி டிக்கெட் எடுத்து வைக்கணுமா? பாரிஸ்ல இறங்கறதால பிரான்ஸ் விசாதானே போடணும்?

பதில்: இறங்குற இடம் முக்கியமில்ல, எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அங்கதான் அப்ளை பண்ணணும். நீங்க சொன்ன கணக்குல ஜெர்மனி ஏழு நாள், பிரான்ஸ் அதைவிட கம்மின்னா ஜெர்மனிலதான் போடணும். நாள் சமமா வந்தா மட்டும்தான் முதல்ல இறங்குற நாடு. பீஸ் 2024 ஜூன்ல இருந்து 90 யூரோ, விசா சென்டர் சர்வீஸ் சார்ஜ் தனி, இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் இருக்கணும். விசாவுக்கு எங்க எங்க எப்ப இருப்பீங்கன்னு பிளானும், ப்ரீ கேன்சலேஷன் உள்ள ஹாஸ்டல் புக்கிங்கும் காட்டினா போதும். ஜெர்மன் ரயில்வேல சூப்பர் ஷ்பார்பிரைஸ்னு மலிவா ஒண்ணு காட்டும், அதைத் திருப்பித் தர முடியாது, விசா கைக்கு வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க. கொஞ்சம் காசு கூட போட்டு வெறும் ஷ்பார்பிரைஸ் எடுத்தா பீஸ் பிடிச்சுட்டு மிச்சம் தருவாங்க. ஏப்ரல் ஆரம்பத்துலயாவது விசா கையில வர்ற மாதிரி அப்ளை பண்ணுங்க, அப்பதான் பாரிஸ்-ம்யூனிக் மலிவா மாட்டும்.

கேள்வி: ட்ரெயின் லேட் ஆனா காசு திரும்ப வருமா? ஜெர்மன் ட்ரெயின் நேரத்துக்கு வராதுன்னு இவனே புலம்புறான்.

பதில்: அவர் புலம்புறது நியாயம்தான். ஐரோப்பிய யூனியன் ரூல்படி போய்ச் சேர 60 நிமிஷத்துக்கு மேல லேட்டானா டிக்கெட் விலைல 25 சதவீதம், 120 நிமிஷத்துக்கு மேல போனா 50 சதவீதம். டிக்கெட் யாரு கிட்ட வாங்கினீங்களோ அவங்க சைட்லயே கிளைம் பாரம் இருக்கும், மூணு மாசத்துக்குள்ள போடணும். புயல், வெள்ளம் மாதிரி ரயில்வே கைல இல்லாத காரணம்னா நஷ்டஈடு கிடையாது.

இதுல உஷாரா இருக்க வேண்டியது மாறி ஏறுற இடம். ம்யூனிக்-வியன்னாவை ஒரே டிக்கெட்டா எடுத்திருந்து நடுவுல கனெக்ஷன் போச்சுன்னா அடுத்த ட்ரெயின்ல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு. சால்ஸ்பர்க் வரைக்கும் செமஸ்டர் டிக்கெட், அங்கிருந்து தனி டிக்கெட்னு நான் மேல சொன்ன மாதிரி போனா முதல் ட்ரெயின் லேட்டுக்கு ரெண்டாவது டிக்கெட் பொறுப்பாகாது, சலுகை டிக்கெட் அந்த ஒரு ட்ரெயினுக்குத்தான். அதனால சால்ஸ்பர்க்ல ரெண்டு மணி நேரம் கேப் விட்டு புக் பண்ணுங்க, லேட்டாகலைன்னா ஊரைச் சுத்திப் பாருங்க.

கேள்வி: கார்டு மிஷின்ல ரூபாயா யூரோவான்னு கேக்குமாம், எதை அமுக்கணும்?

பதில்: யூரோ. மிஷின் பச்சை பட்டன்ல பெருசா ரூபாயைக் காட்டும், ரேட் எல்லாம் தெளிவா போட்டு நல்லவன் மாதிரி இருக்கும், அந்த ரேட்லதான் அவங்க கமிஷன் ஒளிஞ்சிருக்கு. ஏடிஎம்ல கன்வர்ஷன் வேணாம்னு அமுக்கினா பரிவர்த்தனையே கேன்சல் ஆயிடுமோன்னு பயப்பட வேணாம், பணம் வரும். செக்ல கொருனா, ஹங்கேரில போரின்ட், அங்கெல்லாம் அந்த ஊர் காசையே அமுக்குங்க.